பூத் தின்னும் முயல்

"போன கிழமை நட்ட பூவையும் முயல் திண்டுபோட்டுது," என்றாள் கொறற்றி, பாத்தியைப் பார்த்தபடி.

அவள் கணவன் அல்பேர்ட் காரைத் திறந்து வில்லையும் அம்பையும் எடுத்துவந்தான்.

"இஞ்சேருங்கோ, இந்த நாட்டிலை வில்லாலை வேட்டையாட ஏலாது. பொலிஸ் பிடிக்கும்."

"பிடிக்கட்டும். முழங்காலிலை நிண்டு நட்டது நான்."

"வலை போட்டு மூடுவமே?"

"கேட்டனான். நிர்வாகம் விடாதாம்."

ஜேர்மனியின் ஹம் நகரின் ஓரத்தில் ஞாயிறு மாலை மங்கிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தில் யாருமில்லை. இருவரும் செடிவேலிக்குப் பின்னால் மறைந்து நின்றார்கள்.

முயல் வந்தது. பழகிய இடம்போல் குந்தி, மிச்சமிருந்த ஊதாப் பூ ஒன்றைக் கடித்தது. அல்பேர்ட் நாணை இழுத்துக் குறிபார்த்தான்.

கொறற்றி அவன் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம், விடுங்கோ."

"ஏன்? பிள்ளைக்கெண்டு நட்ட பூவெல்லே?"

"நாங்கள் ஞாயிறிலை மட்டும்தானே வாறம்? மற்ற நாள் முழுக்க பிள்ளைக்கு இதுதானே துணை."

அல்பேர்ட் வில்லைத் தாழ்த்தினான்.

மகள் ஜெனிற்றாவின் கல்லறைமேல் இருந்த முயல், அடுத்த பூவைக் கடித்தது.