லைனில் பதினேழு பேர்

“பேரு பேரா வாசிங்க தம்பி. ஒண்ணு விடக் கூடாது” என்றாள் ஆவுடைத்தாய்.

மணிராஜ் லேப்டாப்பைப் பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். கோவில்பட்டிக்கு அஞ்சு மணி பஸ்.

அங்கே ரூட்டர், கேமரா மாட்டிக் கொடுக்கிற கடை அவனுடையது. நாகலாபுரத்துக்கு உடனே வா என்று காலையிலிருந்து மூன்று தரம் போன் போட்டு உயிரை வாங்கிவிட்டாள் இந்த அக்கா. அவள் மகன் திருப்பதிக்குச் சென்னையில் வேலை. வீட்டுக்கு நெட் போட்டுக் கொடுத்தவன் அவன்தான். லைனில் யார் யார் இருக்கிறார்கள் என்று அங்கிருந்தே செல்போனில் பார்ப்பான். நேற்றுப் பார்த்தவனுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கிறது. அம்மா ஒருத்தி இருக்கிற வீட்டில், அவள் போன் போக இன்னும் பதினேழு போன்.

“சங்கிலிப்பாண்டி” என்று வாசித்தான் மணிராஜ்.

“கிழக்குத் தெரு. தீப்பெட்டி ஆபீஸ் வேன் ஓட்டுதவன் மவன். அடுத்து?”

“செல்வமாரி.”

“அவன் தங்கச்சி. ம்.”

ஒவ்வொரு பேருக்கும் அவள் ஒரு விரலை மடக்கினாள். மணிராஜுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் இவள் காட்டில் உளுந்துக்கும் பருத்திக்கும் களை எடுக்கிறார்கள். சுவரைத் தாண்டிக் காற்றில் போகிற நெட்டைக் கொடுக்கக்கூடவா மனசு வராது?

அடுத்த பேர் பிரியதர்ஷினி. அவன் நாக்கு நின்றது.

உள்ளே வரும்போது பார்த்த பெண் அவள். காம்பவுண்டுச் சுவரோரம், வெயிலில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, போனும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தாள். இவன் பையைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்தாள். “அண்ணே, பாஸ்வேர்டு மாத்தவா வந்திருக்கீங்க? நாளைக்கு எனக்கு ஆன்லைன் டெஸ்டு. தேறுனாத்தான் ஃப்ரீ கோச்சிங்ல சேப்பாவ. இங்கன டவரே எடுக்காதுண்ணே.”

அவளுக்கு முகம் கொடுக்காமல் விறுவிறுவென்று உள்ளே வந்திருந்தான்.

அந்தப் பேரைத் தாண்டி மற்றதையெல்லாம் வாசித்து முடித்தான். “அவ்வளவுதான்க்கா.”

ஆவுடைத்தாய் விரல்களைப் பார்த்தாள். “பதினாறுதான வருது? பிரியதர்ஷினியக் காணுமே.”

மணிராஜ் திரையில் தேடுவதுபோல் குனிந்தான். “இருக்கு. கண்ணு தவறிட்டு.”

போன் அடித்தது. திருப்பதி. அவள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“எம்மா, ஆள் வந்தாச்சா? எல்லாத்தையும் வெட்டி விடச் சொல்லு. நாளைக்குப் பாப்பேன். ஒரு பய பேரு இருக்கக் கூடாது. நம்ம பாஸ்வேர்டு எப்படித்தான் வெளிய போச்சோ.”

“யாரு கண்டா? நீ பதறாதய்யா. வந்துட்டாவ, பாத்துக்கிட்டு இருக்காவ.”

போனை வைத்தாள். மணிராஜ் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கேட்டான். “வெட்டிரலாமாக்கா?”

அவள் போய் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். குரல் இறங்கியது.

“எம்மவன் கண்ணுல படாம இதுகள வேற எங்கனயாவது வைக்க முடியுமா தம்பி?”

மணிராஜ் விழித்தான். “யாரக்கா?”

“இந்தப் பதினேழு பேரயும்தான். பாஸ்வேர்டு கொடுத்ததே நாந்தான. ஒண்ணு விட்டுப் போனாலும் நாளைக்கு அந்தப் புள்ள நெட் இல்லாம நிக்கும். அதுக்குத்தான் பேரு பேரா கேட்டேன்.”

அவள் முகத்தைப் பார்க்க மணிராஜுக்கு வெட்கமாக இருந்தது. பையைத் திறந்தான். எங்கோ கழற்றிய ரூட்டர் ஒன்று கிடந்தது. எடுத்தான்.

“இதுக்குப் பின்னால இந்த ரூட்டர மாட்டிருதேன். பழைய பாஸ்வேர்டு இதுல இருக்கட்டும். உங்க போனு, அவிய போனு எல்லாம் இதுல வந்துரும். முன்னால உள்ளதுக்குப் புதுசு போட்டு உங்க மகன்ட்ட சொல்லிருங்க. பின்னால எத்தன பேரு இருந்தாலும் இது தன் அட்ரஸையே போட்டு அனுப்பும். நேட்னு சொல்லுவோம். அவருக்கு ஒரே ஒரு ஆள்தான் தெரியும்.”

“ஒரு ஆளு இம்புட்டா நெட் பாக்குன்னு கேட்டா?”

“கேப்பாருதான்.”

“நாள் பூரா சீரியல் பாக்கேன்னு சொல்லிக்கிடுதேன்.”

அஞ்சு மணி பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. மணிராஜ் கடைசிக் கட்டத்தில் இருந்தான்.

“அக்கா, அந்த ஒரு ஆளு உங்க மகன் போன்ல என்ன பேருல தெரியணும்?”

ஆவுடைத்தாய் யோசிக்கவே இல்லை.

“அம்மான்னு போட்டுருங்க. அத மட்டும் வெட்ட அவனுக்கு மனசு வராது.”