குறுக்கே பேசக் கூடாது

நூலகத்திலுள்ள பழைய நாடக நோட்டீசுத் தொகுப்பின் இணைய வழிகாட்டிப் பக்கங்களைப் பயன்படுத்திச் சோதிக்க வந்த வாசகி மங்கையர்க்கரசியை, நூலக இயக்குநர் ஞானசிகாமணிக்கு அடையாளம் தெரியவில்லை. “மனசுல தோணுறதையெல்லாம் சத்தமாச் சொல்லிக்கிட்டே தேடுங்கம்மா. எல்லாம் பதிவாகும். முடியுறவரைக்கும் யாரும் குறுக்கப் பேசக் கூடாது,” என்றாள் சோதனையை நடத்திய பெண். இயக்குநர் அறங்காவலர்களோடு பின்வரிசையில் அமர்ந்திருந்தார். தொகுப்பைத் திரட்டியவர் யார் என்பது முதற்கேள்வி. திரையில் ஞானசிகாமணியின் பெயர் தோன்றியது. “இது பொய்யாச்சே! ஊர் ஊராப் போய்ச் சேத்தது என் வீட்டுக்காரர். அவர் காரியம் முடிஞ்ச மறுநாளே இந்த சார்தான் பெட்டியோட தூக்கிட்டுப் போனார்.” ஞானசிகாமணி வாய் திறந்தார். சோதனைப் பெண் தன் உதட்டின்மேல் விரலை வைத்தாள். “வீட்டுக்காரர் பேரு எங்கயாவது இருக்கான்னு பாக்குறேன். பக்கம் நிறைய இருக்கு, மெதுவாத்தான் தேடுவேன்,” என்று மங்கையர்க்கரசி நாற்காலியை முன்னுக்கு இழுத்துக்கொண்டாள்.