வலது கன்னத்துப் பொட்டு

இரட்டைப் பெண்களில் கயலுக்கு மட்டும்தான் மெலிந்த குழந்தைகளுக்கான சத்துப் பசை கிடைத்தது. அளவுநாடாவில் முகிலின் கைச் சுற்றளவு ஒரு நூல் கூடுதலாக இருந்ததால் அவளைச் சேர்க்கவில்லை. பசைப் பொட்டலம் குழந்தையின் முகத்தைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிடும். குழந்தை திரும்பினால் திறக்கும். வேறு முகம் தெரிந்தால் மூடிக்கொள்ளும்.

பொட்டலத்துக்காகக் கயலின் முகத்தைப் பதிந்த அன்று அங்கன்வாடி டீச்சர் சகாயராணி, "பொட்டை அழிச்சிட்டுக் காட்டும்மா" என்றாள்.

"கண்ணு பட்டுடும் டீச்சர், இருக்கட்டும்" என்றாள் தாய் ரஞ்சிதம். கயலின் வலது கன்னத்து மைப்பொட்டும் சேர்ந்தே பதிந்தது.

மழைக்காலத்தில் முகிலும் இளைத்தாள். ரஞ்சிதம், அடையாளத்துக்காக அவளுக்கு வைத்திருந்த இடது கன்னத்துப் பொட்டைத் துடைத்து வலது கன்னத்தில் வைத்தாள்.

"கயல் கண்ணு, வா" என்றது பொட்டலம். முகில் திரும்பினாள். பொட்டலம் திறந்தது.

அன்றிலிருந்து இருவருக்கும் வலப்பக்கமே பொட்டு. காலைப் பொட்டலம் ஒருத்திக்கு, மாலைப் பொட்டலம் மற்றவளுக்கு. பொட்டு ஒரே பக்கம் இருந்தாலும், அதிகம் மெலிந்தவள் கயல் என்பது அப்போது பார்த்ததுமே தெரிந்தது.

பொங்கலுக்குள் இருவருமே தேறிவிட்டார்கள்.

"அடி ஆத்தீ, அச்சுல வார்த்த மாதிரி இருக்குதுங்க! எதும்மா கயலு?" என்றாள் சகாயராணி.

"கண்ணு வைக்காதீங்க டீச்சர்" என்று சிரித்தபடி, பழையபடி பொட்டு வைக்க ரஞ்சிதம் இரண்டு முகங்களையும் கழுவினாள். விரலில் மை தொட்டாள்.

"முகிலு" என்று கூப்பிட்டாள். யாரும் திரும்பவில்லை.

"அடி முகிலு!"

விளையாட்டு தொடர்ந்தது. அவள் குரலைத் தாழ்த்தி, "கயல் கண்ணு, வா" என்றாள்.

இருவரும் ஒன்றாகத் திரும்பி வாயைத் திறந்தார்கள்.