கருவாடு ஏறிய வண்டி

"எலி கடிச்சா வாரண்டி கிடையாதுன்னு சொல்லிட்டீக. சரி, ஒத்துக்கிட்டேன். அப்ப எலியக் கூட்டியாந்தவனை இன்னைக்கே வீட்டுக்கு அனுப்பப் போறேன். அதை யாரும் ஏன்னு கேக்கக் கூடாது!"

காலண்டர் கம்பெனி முதலாளி காசிராஜன் அண்ணாச்சி போட்ட சத்தத்தில், உள்ளே ஓடிக்கொண்டிருந்த அச்சு மிஷின் சத்தமே கேட்கவில்லை.

விருதுநகர் ஷோரூமிலிருந்து வந்திருந்த மெக்கானிக் பாண்டிமீனா, எலக்ட்ரிக் லோடு ஆட்டோவின் சீட்டைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பேட்டரியிலிருந்து பின்சக்கர மோட்டார் வரைக்கும் ஓடுகிற நீளமான வயர்க் கட்டு. மேலே போட்டிருந்த கருப்பு உறையை உரித்துவிட்டு, உள்ளே இருந்த வயர்களையும் எலி ருசி பார்த்திருந்தது. ஒட்டுப்போட்டால் நிற்காது. மொத்தக் கட்டையும் மாற்றியாக வேண்டும்.

"ஒரே மாசத்துல நான் வாரது இது மூணாவது தடவை, அண்ணாச்சி. இதுவரைக்கும் நாலு வண்டியில இதே கதைதான்."

"எல்லாம் அந்தா நிக்கான் பாரு, அவனாலதான்."

ஷெட் தூணோரம், துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி நின்றிருந்தார் சங்கிலிமுத்து. கம்பெனியின் ஐந்து டிரைவர்களில் மூத்தவர்.

"தினம் மத்தியானம் வண்டியிலேயே உட்காந்து கருவாடு! வெள்ளிக்கிழமைகூட விட மாட்டான். அந்த வாசத்துக்கு எலி வராம, ஏரோப்ளேனா வரும்?"

"சாப்பிட்ட இடத்த ஈரத்துணி போட்டுத் துடைச்சுத்தான் வைக்கேன், மொதலாளி."

"பேசாதல! சாயங்காலம் கணக்க முடிச்சிட்டுக் கிளம்பு."

அண்ணாச்சி போன் பேச உள்ளே போனதும் சங்கிலிமுத்து மெல்லப் பக்கத்தில் வந்தார்.

"வேலை போனாக்கூட வேற பாத்துக்கிடலாம், தாயி. கருவாட்டுக்காகத் துரத்திட்டாகன்னு வீட்டுக்காரிகிட்ட எப்படிச் சொல்லுவேன்? ஆக்கிக் குடுத்தது அவதான. அவளாலதான் போச்சுன்னு அழுதே தீத்துருவா."

பாண்டிமீனாவுக்கு மனசு கேட்கவில்லை. கூடவே மண்டைக்குள் ஒரு குறுகுறுப்பும் கிளம்பிவிட்டது. எலிக் கடி அவளுக்குப் புதுசில்லை. எலி வயரைத் தின்பதற்காக வருவதில்லை. வேறெதையோ தின்ன வரும். வந்த இடத்தில் பல்லைத் தீட்டிக்கொள்ள வயரைப் பிடித்துக்கொள்ளும்.

"உங்க வண்டி எதுண்ணே?"

"கடைசியில நிக்கிறது."

அந்த வண்டியின் சீட்டைத் தூக்கினாள். உறை மேல் தூசிதான் இருந்தது. தரையில் படுத்து, டார்ச்சோடு மோட்டார் வரைக்கும் தடவிப் பார்த்தாள். ஒரு பல் தடம்கூட இல்லை.

ஐந்து வண்டியும் ஒரே ஷெட்டில்தான் நிற்கின்றன. எலிக்கு இந்த வண்டி மேல் மட்டும் என்ன கோபம்?

அண்ணாச்சி திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னாள். அவர் ஒரு கணம் முழித்தார். ஆனால் அத்தனை சுலபமாக விட்டுக்கொடுக்கிற ஆளா அவர்?

"கருவாட்டு நாத்தம் தாங்காம பக்கத்து வண்டிக்கு ஓடியிருக்கும்!"

"இப்பத்தான் அந்த வாசத்துக்கு எலி வருதுன்னு சொன்னீக?"

"வரும். வந்துட்டு ஓடும்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, கடிபட்ட நாலு வண்டிகளையும் மறுபடி ஒவ்வொன்றாகத் திறந்தாள் பாண்டிமீனா. சீட்டுக்கு அடியில், மூலையில், எலி கொறித்துப் போட்ட கலர்க் காகிதத் துணுக்குகள். ஒரு வண்டியில் நாலைந்து பொரி. நாலு வண்டியிலும் அகப்பட்டதைப் பொறுக்கிக் கையில் மூடிக்கொண்டாள். சங்கிலிமுத்துவின் வண்டியில் அப்படி எதுவும் இல்லை.

"அண்ணாச்சி, மத்த நாலு வண்டிக்கும் செஞ்சு, இந்த வண்டிக்கு மட்டும் நீங்க செய்யாதது ஏதாச்சும் உண்டா?"

அண்ணாச்சியின் முகம் மலர்ந்துவிட்டது.

"கேட்ட பாரு, இது கேள்வி! வெள்ளிக்கிழமை தவறாம பூசை போட்டு, பொரி, கடலை, வெல்லம் எல்லாம் என் கையால பொட்டலம் மடிச்சு, சீட்டுக்கு அடியில வைப்பேன். அதுவும் கண்ட தாளுல மடிக்க மாட்டேன். நம்ம மிஷின்ல ஓடுன லட்சுமி படத்துத் தாளு. லட்சுமி வண்டியோடவே இருக்கணும்ல? இவன் வண்டிப் பக்கம் மட்டும் பூசைத் தட்டக் கொண்டே போக மாட்டேன். கருவாடு ஏறுன வண்டிக்குப் பிரசாதம் ஒரு கேடா?"

பாண்டிமீனா கையை விரித்துக் காட்டினாள்.

நாலைந்து பொரி. காகிதத் துணுக்கில் ஒரு தாமரை இதழ். லட்சுமியின் ஒரு கண். எல்லாவற்றின் ஓரத்திலும் எலிப் பல் தடம்.

அண்ணாச்சி ஒரு துணுக்கை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். அவருடைய மிஷினில் ஓடிய கலர் அவருக்குத் தெரியாதா? நாலு வண்டியையும் பார்த்தார். கடைசி வண்டியைப் பார்த்தார். சங்கிலிமுத்துவை மட்டும் பார்க்க முடியாமல் பக்கத்திலிருந்த காலண்டர் பண்டல் மேல் உட்கார்ந்துவிட்டார்.

இறங்கிப்போன குரலில் கேட்டார்.

"இனிமே எலி வராம இருக்க என்னம்மா செய்யணும்?"

"வயருக்கு மேல கம்பி வலை உறை போட்டுத் தாரேன். எலி ஏறி வார ஓட்டைகளையும் அடைச்சுத் தாரேன். நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான்."

"என்ன?"

"அந்தப் பொட்டலத்தச் சீட்டுக்கு அடியில வைக்காதீக, அண்ணாச்சி. சீட்டு மேல உட்காந்திருக்க ஆளு கையில குடுங்க. அஞ்சு பேருக்கும்."