மெஷின் பார்த்துக்கொள்ளும் வீடு

தீக்குச்சி முதல் உரசலிலேயே பற்றிக்கொண்டது.

அவள் ஜன்னலைத் திறந்தாள்.

ராத்திரி முழுக்க இறவாரத்துக்கு அடியில் கிடக்கும் தீப்பெட்டி, வெளிக்காற்றின் ஈரம் பார்க்க அவளுடைய ஏற்பாடு. குச்சி நமத்துப்போய் இழுபட்டால் அன்று ஜன்னலுக்கு விடுமுறை. பற்றினால் பன்னிரண்டு ஜன்னல்களும் திறக்கும். பத்தரைக்குப் பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறிவரும். அது வாசலைத் தொடுவதற்குள் அத்தனையும் மூடியாக வேண்டும்.

கோத்தகிரிச் சரிவு. ஆடி மாதம். சுற்றியிருந்த பங்களாக்களில் சுவரெல்லாம் கறுப்புப் பூசணம் படர்ந்திருந்தது.

இங்கே வெள்ளைச் சுவர் வெள்ளையாகவே இருந்தது.

மெஷினின் மகிமை என்பார் மதனகோபால்.

அவர் வீட்டுக்காரர். வருஷத்துக்கு நான்கு தடவை சென்னையிலிருந்து வந்து, மூன்று நாள் தங்கி, மலையோடு வாழ்வதாகச் சொல்லிக்கொள்பவர்.

மெஷின் ஹாலின் நடுவில் நின்றது. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சித் தன் வயிற்றுத் தொட்டியில் சேர்த்துக்கொள்ளும் ஜெர்மன் சரக்கு. வந்த அன்று அதற்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். அடியில் நான்கு குட்டிச் சக்கரங்கள் இருந்ததால் எலுமிச்சம்பழமும் நசுக்கினார்.

தொட்டி நிறைந்தால் அது சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். இது அவருக்குத் தெரியாது. அந்த விளக்கை அவர் பார்த்ததில்லை. நாளைக்கு இரண்டு தடவை தொட்டியைக் கவிழ்த்து வைப்பவள் அவள்.

கரண்ட் போனால் மெஷின் தூங்கும். ஆடியில் பாதி நாள் தூங்கும்.

அவள் தூங்கமாட்டாள்.

அலமாரிகளை அவர் அழகுக்காகச் சுவரோடு ஒட்டித் தள்ளிவிட்டுப் போவார். கார் கேட்டைத் தாண்டியதும் அவள் இழுத்துப்போடுவாள். பின்னால் காற்றுப் புழங்க வேண்டுமே.

நூலகம் என்று ஓர் அறை. தோல் அட்டை போட்ட முந்நூற்றுச் சொச்சம் ஆங்கிலப் புத்தகங்கள். வெயில் எட்டிப்பார்க்கும் நாட்களில் ஒவ்வொன்றாக விரித்து, பக்கம் தட்டி, காற்றாட வைப்பாள்.

அந்த வீட்டில் எல்லாப் புத்தகங்களையும் திறந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

ஒன்பது வருஷம். பின்கட்டில் ஓர் அறை, ஓர் அடுப்பு.

இன்றோடு சரி.

மெஷினே எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வதால் ஆள் தேவையில்லை என்று போன வாரம் போனில் சொல்லிவிட்டார். கூடலூரில் தங்கை வீடு இருக்கிறது. தங்கை வீட்டில் இடம் இல்லை.

துணிமூட்டை கட்டியாகிவிட்டது. அப்படியும் காலையில் தீப்பெட்டியை எடுத்தாள்.

நேற்று வந்திருந்த மதனகோபால் விருந்தாளிகளை அழைத்துவர எடுத்துப்போன கார் அரைமணி முன்னதாகவே திரும்பிவிட்டது. அவரோடு, மேல் சரிவில் போன வருஷம் வீடு வாங்கிய குணசீலனும் அவர் மனைவி ரோஸ்லினும் இறங்கினார்கள்.

"ஐயய்யோ! செல்லாயி, யாரு ஜன்னலைத் தொறந்தது? வெளிக்காத்து பட்டா மெஷின் கொழம்பிடும்னு எத்தனை வாட்டி சொல்லியிருக்கேன்? எல்லாத்தையும் இறுக்கிச் சாத்து."

அவள் பன்னிரண்டையும் சாத்தினாள். கொண்டி போட்டாள்.

"அய்யா, அந்தத் தொட்டி மட்டும்..."

"எல்லாம் அதுவே பாத்துக்கும்மா."

மதனகோபால் சுவரைத் தடவினார்.

"தொட்டுப் பாருங்க சார். கொழந்தை கன்னம் மாதிரி இருக்கும்."

குணசீலன் தொட்டார். பிறகு மெஷினுக்கு முன்னால் மண்டியிட்டு, அதன் முதுகில் ஒட்டியிருந்த சீட்டைப் போட்டோ எடுத்தார்.

"அப்ப ஆளே வேண்டாங்கிறீங்க?"

"ஆளா? ஈரம் எவ்வளவுன்னு போன்ல நம்பர் வரும் சார். மெட்ராஸ்ல உக்காந்துகிட்டே இங்க உள்ள காத்தைக் காயப்போடுறேன்!"

ரோஸ்லின் சுவரைத் தொடவில்லை.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வோர் அலமாரியின் காலடியிலும் மரப்பலகை தேய்ந்திருந்தது. சுவரிலிருந்து வெளியே, வெளியிலிருந்து சுவருக்கு. அலமாரிக் கால்கள் போய்வந்த தடம்.

ஆண்கள் இருவரும் மலைக்காட்சி பார்க்கப் புல்தரைக்குப் போனார்கள்.

மெஷின் மெல்லச் சிணுங்கியது.

செல்லாயி தொட்டியை உருவி, முந்தானையால் மூடி, அடுக்களைக்கு எடுத்துப்போனாள். பாத்திரம் கழுவும் இடத்தில் கவிழ்த்தாள். தண்ணீர் வெகுநேரம் கொட்டியது.

நிமிர்ந்தபோது வாசற்படியில் ரோஸ்லின் நின்றாள்.

"எங்க வீட்டுல கோட்டு, செருப்பு, பைபிள் எல்லாம் பச்சை பூத்துக் கெடக்குக்கா. எங்க அத்தைக்கு இருமல் நிக்கவே மாட்டேங்குது. அவரு இந்த மெஷினை வாங்கியே தீருவாரு. வாங்குனா சரியாயிடுமா?"

செல்லாயி யோசித்தாள். ஒன்பது வருஷம் கூட வேலை பார்த்ததைப் பற்றித் தப்பாகச் சொல்ல மனம் வரவில்லை.

"வாங்குங்கம்மா. நல்ல மெஷின்தான். அதுக்கு வேலை செய்ய ஒரு ஆளு வேணும், அவ்வளவுதான்."

ரோஸ்லின் சிரிக்கவில்லை.

"வீட்டுக்குப் பின்னால ரெண்டு ரூம் சும்மாதான் கெடக்கு" என்றாள்.

புல்தரையில் மதனகோபாலின் குரல் உயர்ந்துகொண்டே போனது. ஜெர்மனி, தொழில்நுட்பம், நம்ம ஆட்களுக்கு எங்கே புரிகிறது.

செல்லாயி தொட்டியைத் துடைத்தாள். மூலையில் விரல்விட்டு, ஒரு சொட்டு இல்லாமல் துடைத்தாள்.

"காலை வெயிலு உங்க வீட்டுல எந்த ஜன்னல்ல விழுதும்மா?"