கல்மேல் உட்காரும் மீன்

“போன வாரம் மூணு அடின்னீங்க. இன்னிக்கு நீங்க கையை விரிச்சா நாலு அடி வருது. மீனுக்கு முன்னாடி டேங்க் வளருதா சார்?”

சுந்தரராமன் விரித்த கைகளைச் சட்டென்று மடியில் போட்டுக்கொண்டார். “மூணரைன்னு வெச்சுக்கோங்கோ மேடம்.”

“அப்போ அந்த மஞ்ச மீன் ஆகாது,” என்றாள் பவுலின். “முழுச் சைவம், பாசிதான் சாப்பிடும். உங்க வீட்டுக்கு ஏத்த மாப்பிள்ளைதான். ஆனா ஓடியாட இடம் வேணும். மூணரை அடியில விட்டா வர்றவன் போறவனையெல்லாம் முட்டும்.”

“அப்போ விடுங்கோ,” என்றார் அவர், பெரிய நஷ்டம் வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டு. உள்ளுக்குள் அப்பாடா என்றிருந்தது. இந்த வாரமும் தப்பித்தாயிற்று.

பெங்களூர் விவேக் நகரில் சர்ச்சுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது பவுலினின் கடல்மீன் கடை. ஞாயிறு பூசை முடிந்து அவள் வந்து ஷட்டரைத் தூக்கும்போது, மல்லேஸ்வரத்திலிருந்து மெட்ரோ ஏறி, பஸ் மாறி வந்த சுந்தரராமன் வாசலில் நிற்பார், கையில் ஒரு பாட்டில் தண்ணீரோடு. பவளம் வளர்க்கிறவர்கள் மீன் வாங்கும் முன் தங்கள் டேங்க் தண்ணீரைப் பரிசோதிக்கக் கொண்டுவர வேண்டும் என்பது அந்தக் கடையின் சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்குப் பவளத்துக்கு நடுவே பளிச்சென்று ஒரே ஒரு மீன் போதும். கண்டதையும் வாங்கிச் சாகடிக்கக் கூடாது.

அந்த ஒரே ஒரு மீன்தான் அவருக்குச் சிக்கல். அதை வாங்கிவிட்டால் அப்புறம் எதைச் சாக்கிட்டு இங்கே வருவது? மனைவி ருக்மிணி போன பிறகு அவரை உட்காரவைத்துக் கிண்டல் செய்ய, இந்த ஊரில் பவுலினை விட்டால் ஆள் கிடையாது.

“அந்த நீலம் எப்படி?” என்று கேட்டார்.

“பவளத்தைக் கொறிக்கும். போன மாசமே சொன்னேன். மறந்துட்டீங்களா, இல்ல மறந்த மாதிரி நடிக்கிறீங்களா?”

நல்லவேளையாக அப்போது ஹரிஷ்குமார் உள்ளே வந்தான். பக்கத்து அபார்ட்மென்ட்வாசி, பழைய வாடிக்கையாளன். “ஆன்ட்டி, இந்த நத்தையை நீங்களே வெச்சுக்கோங்க. கண்ணாடியைச் சுத்தம் பண்ணும்னீங்க. ஒரு வாரமா ஒரே எடத்துல தூங்குது.”

“உங்கிட்ட வந்து கத்துக்கிச்சு போல.” பவுலின் பையிலிருந்த நத்தையை எடுத்துத் தனிப் பெட்டியில் போட்டுவிட்டு, தண்ணீரை அப்படியே சிங்க்கில் கொட்டினாள். “வெளி டேங்க் தண்ணி ஒரு சொட்டுகூட என் டேங்க்ல விழக் கூடாது. என்ன நோய் ஒட்டிக்கிட்டு வருதோ, யாரு கண்டா? பிஷப்பே கொண்டுவந்தாலும் சிங்க்குதான்.”

“சரி ஆன்ட்டி, பர்த்தினி,” என்று கன்னடத்தில் விடைபெற்று, சிரித்துக்கொண்டே அவன் கிளம்பினான்.

பவுலின் திரும்பினாள். “வாங்க சார். உங்களுக்குன்னே ஒண்ணை எடுத்து வெச்சிருக்கேன்.”

மூலையில் ஒரு சின்ன டேங்க். அதில் குங்குமச் சிவப்பில், முதுகோரம் மை தீற்றியதுபோல் ஒரு கறுப்புக் கோட்டோடு ஒரு மீன். நீந்தவில்லை. ஒரு கல்லின் மேல் சாவகாசமாக உட்கார்ந்து, கண்ணை உருட்டி அவரைப் பார்த்தது.

“அதிகமா நீந்தாது சார். கல்லு மேல உக்காந்துக்கிட்டு வர்றவங்க போறவங்களை வேடிக்கை பாக்கும். இந்தக் கடையில அந்த வேலைக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்கார்.”

சுந்தரராமனுக்கு மீன் மிகவும் பிடித்துப்போயிற்று. அதுதான் பயமாக இருந்தது.

“பவளத்தைக் கடிக்குமோ?”

“தொடவே தொடாது.”

“பெருசா வளந்துடுமோ?”

“உங்க உள்ளங்கைக்குள்ள அடங்கும்.”

“சைவமா?”

“இல்ல. இறால் கேக்கும். கண்ணை மூடிக்கிட்டுப் போட்டுடுங்க.”

“குதிக்குமோ?”

“குதிக்கும். உங்க டேங்க்குக்கு மூடி இருக்குல்ல?”

“இருக்கு... இருக்கு.”

“அப்போ முடிஞ்சுது. பாட்டிலைக் குடுங்க, தண்ணியைப் பாத்துட்டுப் பையில போட்டுத் தர்றேன்.”

ஒரு சின்னக் குழாயில் கொஞ்சம் ஊற்றி, மருந்துச் சொட்டு விட்டு, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். “எப்பவும்போல பிரமாதம். உங்க தண்ணி மாதிரி இந்த பெங்களூர்ல யார் தண்ணியும் கெடையாது.” பிளாஸ்டிக் பையை உதறி விரித்தாள், மீன்வலையை எடுத்தாள்.

“மேடம், இன்னிக்கு வேண்டாமே,” என்றார் அவசரமாக. “அடுத்த வாரம் பாத்துக்கலாம். இப்போ நேரம் நன்னா இல்லை.”

“ஞாயித்துக்கிழமை ராகுகாலம் சாயங்காலம்தான் சார். எனக்கே தெரியும்.”

கல்மேல் இருந்த மீன் அவரையே பார்த்தது.

பவுலின் வலையைக் கீழே வைத்தாள். பாட்டிலில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து, ஒரு சொட்டு விடாமல் அந்தச் சிவப்பு மீனின் டேங்க்கிலேயே ஊற்றினாள்.

“ஐயையோ! வெளி டேங்க் தண்ணி!” சுந்தரராமன் பதறிவிட்டார்.

“எந்த டேங்க் சார்?” காலிப் பாட்டிலைத் திருகி மூடி அவர் கையில் கொடுத்தாள் பவுலின். “மொதல் நாள் மழைக்குத்தான் இங்க ஒதுங்கினீங்க. சும்மா நிக்கக் கூச்சப்பட்டு, நான் கலந்து விக்கிற உப்புத் தண்ணியில ஒரு கேன் வாங்கிட்டுப் போனீங்க. அதைத்தானே வாராவாரம் எங்கிட்டயே டெஸ்டுக்குக் கொண்டுவர்றீங்க? மீன் இங்கயே இருக்கட்டும், யாருக்கும் விக்க மாட்டேன். அடுத்த ஞாயித்துக்கிழமை பாட்டில் இல்லாம, சும்மா வர்றீங்களா?”