சாட்சிக்கு நேரமாச்சு

நான்காவது மாடியைத் தாண்டியதும் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது.

"என்னடா மெக்கானிக்கு, நின்னுடுச்சா?" என்றார் அத்தான்.

அவர் சக்கர நாற்காலியில் இருந்தார். அந்த லிஃப்டில் நாற்காலி நுழைந்தால் அதோடு ஒரே ஒரு ஆள் ஒண்டி நிற்கலாம், அவ்வளவுதான். உள்ளே போனபின் திருப்ப முடியாது. அதனால் கதவுக்கு முதுகைக் காட்டி, பின்சுவரில் போன மாதம் பதித்த கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். ஒண்டி நின்றவன் அவருடைய மச்சினன். அந்தக் கட்டடத்தின் லிஃப்ட் மெக்கானிக்கும் அவன்தான்.

"மேல மோட்டார்ல ஏதோ கோளாறு அத்தான். கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடும்."

"தானா சரியாகுறதுக்கு இதென்ன ஜலதோஷமா? மாசாமாசம் கிரீஸ் போடுறேன்னு வந்து டீ குடிச்சுட்டுப் போறியே, அதோட லட்சணமா இது?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் அவன் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

ஏழாவது மாடி ஹாலில் ஜெபக்கூட்டம் தொடங்கிவிட்டது. பாட்டுச் சத்தம் மங்கலாக இறங்கி வந்தது. பாட்டு முடிந்ததும் அத்தான் சாட்சி சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வேன் ஓட்டிச் சுவரில் மோதியதைச் சபைக்கு முன்னால், பெண்டாட்டி பிள்ளைக்கு முன்னால், தன் வாயாலேயே அறிக்கையிட வேண்டும்.

விபத்துக்குப் பிறகு அவர் திருவிருந்தைத் தொட்டதில்லை. அப்பத்தட்டு வரிசையில் வரும்போது தலையைக் குனிந்துகொண்டு பக்கத்து ஆளிடம் தள்ளிவிடுவார். இன்று அறிக்கை முடிந்ததும் வாங்கிக்கொள்வதாகப் பாஸ்டரிடம் சொல்லியிருந்தார்.

மெக்கானிக்கின் போன் அடித்தது. அக்கா.

"எங்கடா இருக்கீங்க? பாஸ்டர் கேக்குறாரு."

"லிஃப்ட் நின்னுடுச்சுக்கா. பாத்துக்கிட்டிருக்கேன்."

"நீ பாத்து என்னைக்குடா எது ஓடியிருக்கு? சீக்கிரம் கூட்டிட்டு வா. மனுஷன் மனசு மாறிடப் போறாரு."

போனைப் பையில் போட்டான். பிறகு, "அத்தான், சாட்சி சொல்லாதீங்க" என்றான்.

"ஏன்? உனக்கு மானம் போகுதா?"

"அதில்ல..."

"பாஸ்டர் சொல்றாரு, வெக்கப்படுறது வேற, மனந்திரும்புறது வேறயாம். வெக்கப்படுறவன் ஒளிஞ்சுக்குவான். மனந்திரும்பினவன் வெளிய வருவான். நான் ஒளிஞ்சது போதும்டா. எப்படி ஓட்டினேன், எப்படி மோதினேன், ஒண்ணுமே ஞாபகமில்ல. பண்ணின பாவம்கூட மறந்துபோற அளவுக்குக் குடிச்சிருக்கேன். இதைச் சொல்லித் தொலைச்சாத்தான் உங்க அக்கா முகத்தை நேரா பாக்க முடியும்."

"நீங்க ஓட்டல."

மேலே பாட்டு ஓய்ந்தது.

"என்னது?"

"நீங்க பக்கத்து சீட்டுல தூங்கிட்டிருந்தீங்க. நான்தான் ஓட்டினேன். நானும் குடிச்சிருந்தேன். மோதினதும் பயந்துட்டேன். உங்களை இழுத்து ஸ்டியரிங் முன்னாடி உக்கார வச்சுட்டு ஓடிட்டேன்."

"இழுத்தியா?"

அடிபட்டவரை யாரோ கண்டபடி இழுத்ததில்தான் முதுகுத்தண்டு போனது என்று டாக்டர் சொன்னபோது இரண்டு பேருமே அந்த அறையில் இருந்தார்கள். காப்பாற்ற வந்தவர்கள் அவசரத்தில் இழுத்திருப்பார்கள் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

"ஆமா."

அத்தானின் கை முழங்காலைத் தடவியது. தடவுவது அந்தக் காலுக்குத் தெரியாது.

"ரெண்டு அறை அறைஞ்சிடுங்க அத்தான்," என்று மெக்கானிக் அழுதான். "மன்னிச்சிட்டேன்னு மட்டும் சொல்லுங்க. அக்காவுக்குத் தெரிய வேண்டாம். இது நம்மளோட இங்கேயே போகட்டும். நீங்க உடம்பு சரியில்லைன்னு சொல்லி வீட்டுக்குப் போயிடுங்க."

"அப்ப நான் இந்த நாற்காலியிலேயே குடிகாரனா செத்துப்போகணும். நீ மாசாமாசம் வந்து கிரீஸ் போடுவே."

"அக்கா மூஞ்சில முழிக்க முடியாது அத்தான்."

"மூணு வருஷமா முழிச்சியே."

அவனுக்கு நகர இடமில்லை. ஒரு பக்கம் நாற்காலியின் சக்கரம், மறுபக்கம் தகரச் சுவர். போன் மறுபடி அடித்து அடித்து ஓய்ந்தது.

"மேல போறோம்," என்றார் அத்தான். "இன்னைக்குச் சாட்சி நீ சொல்றே."

"எப்படிப் போறது? லிஃப்ட்தான் நின்னுடுச்சே."

அத்தான் திரும்பவில்லை. கண்ணாடியில் தெரிந்த மச்சினனின் முகத்தை நேராகப் பார்த்தார்.

"இந்தக் கண்ணாடியை எதுக்குடா மாட்டினே?"

"உங்களுக்காகத்தான். நாற்காலியைப் பின்னால தள்ளிட்டு வெளிய வர்றப்ப, முதுகுக்குப் பின்னால என்ன இருக்குன்னு நீங்க பாக்கணும்ல."

"பாத்தேன். சிவப்புப் பொத்தானை நீ அமுக்கினப்பவே பாத்தேன். நீதானே நிறுத்தினே, நீயே கிளப்பு."